வேதாசலத்தின் வலது கால்

இடது கை சைக்கிள் டியூப் பட்டையை இழுத்துப் பிடிக்க, வலது கை அதை ஒரு சோபாக் காலின் மேல் சுற்றிக்கொண்டே போகிறது. நேரான கால் என்றால் இவ்வளவு பாடு இல்லை. தொடையில் வெளியே பிதுங்கி, கீழே வர வர உள்ளே ஒடுங்கி, பாதத்தில் மறுபடி வெளியே எட்டிப் பார்க்கும் வளைவுக்கால் இது. எந்தப் பக்கம் கிடத்தினாலும் உருளும். வைஸ் இடுக்கியில் இறுக்கினால் அதன் பல் பதியும். பல் பதியாமல் இறுக்கினால் வழுக்கும். டியூப் சுற்றி முடிந்ததும் கைகள் அதைத் தூக்கி, அதே வளைவில் குடைந்து வைத்த ஒரு கட்டையில் கிடத்துகின்றன. பக்கத்தில் இரண்டு ஆப்புகள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில். கொட்டாப்புளியால் இதற்கு ஒரு தட்டு, அதற்கு ஒரு தட்டு. ஓசை ‘டொக்’கிலிருந்து ‘டிக்’குக்கு மாறும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு தட்டு தட்டினால் வளைந்த மரம் பயந்து நிமிர்ந்து கொடுக்கும். நிமிர்ந்த மரத்தை இழைத்துவிட்டு ஆப்பை உருவினால் அது பழையபடி வளையும், இழைத்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

பிறகு பாதி டீ இருக்கும் கண்ணாடி டம்ளர் ஒன்று அந்தக் காலின் சதுரத் தலைமேல் ஏறுகிறது. மரத்தின் பக்கவாட்டில் கொட்டாப்புளியால் ஓர் அடி. டீ ஆடலாம், டம்ளர் ஆடக் கூடாது. ஆடவில்லை.

“உக்காந்துச்சி” என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு, தனக்கோடி அப்போதுதான் உளியைத் தொடுகிறார்.

மரத்தை அடக்க முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். உளி வேலை ஏழு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சமையலைப் பார்க்க வந்தவர்களுக்கு அடுப்பு மூட்டுவதை மட்டும் காட்டி அனுப்பியது போல. தனக்கோடி கவலைப்பட மாட்டார். “செதுக்கறது இன்னா சார், எவன் வேணா செதுக்குவான். அடக்கி வெக்கறதுதான் வேலை. மரம் நகந்துச்சின்னா உளி நம்ம பேச்சைக் கேக்காது” என்பார். சொல்லிவிட்டு இடது உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு கோடு. கதவு, ஜன்னல் செய்யும் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வளைந்த மரத்தைத் தொடையில் முட்டுக்கொடுத்துச் செதுக்கியபோது உளி எழுதிய கோடு அது. அந்தப் புண் ஆறிய ஒன்றரை மாதத்தில் அவர் தானாகவே யோசித்துக் கற்றுக்கொண்டதுதான் இந்த ஐம்பத்து மூன்று வயது வரை சோறு போடுகிறது.

செம்பாக்கம் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மரக்கடையின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஷெட் அவருடையது. சரியாகச் சொன்னால் பாதி ஷெட் அவருடையது. அந்தப் பாதியின் சுவரில் நாற்பது ஐம்பது கட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கோணல் மரத்தைக் கிடத்துவதற்காகக் குடைந்தது. அவர் அவற்றைப் படுக்கை என்கிறார். வேலை முடிந்ததும் தூக்கிப் போட மாட்டார். பென்சிலால் பெயர் எழுதி மாட்டிவிடுவார். ‘ஜெயஸ்ரீ மேடம் கால், கேளம்பாக்கம்’ என்பது ஒரு டீப்பாயின் கால். ‘கேஷவ் சார் கழுத்து’ ஒரு கிட்டாரின் கழுத்து. சந்திரிகா டீச்சர் ஒருமுறை ஈஸிசேரை வாங்கிப் போக வந்தபோது சுவரைப் படித்துவிட்டு, “தனக்கோடி, என் முதுகு எதுக்கு உங்க சுவத்துல தொங்குது?” என்று கேட்டார். “திரும்ப ஒடைஞ்சா வேணும்ல டீச்சர்” என்று பதில் வந்தது. டீச்சர் வெகுநேரம் சிரித்தார். தனக்கோடிக்கு எதற்குச் சிரிக்கிறார் என்று புரியவில்லை.

ஷெட்டின் மறுபாதியில் பெஞ்சு இல்லை, வைஸ் இல்லை, ஆப்பு இல்லை, சுவரில் ஓர் ஆணி கூட இல்லை. அங்கே வேதாசலம் தரையில் உட்கார்ந்திருப்பார்.

வேதாசலத்துக்குக் கால்கள்தான் பெஞ்சு. அகன்ற, வெடித்த, கறுத்த இரண்டு பாதங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் விசிறி போல விரிந்திருக்கும். தேர்க் குதிரையின் காதானாலும் சரி, ஊன்றுகோலின் பிடியானாலும் சரி, மரத்தை இரண்டு பாதங்களுக்கு நடுவே வைத்துக்கொள்வார். குதிகால் அழுத்தும். கட்டைவிரலும் அடுத்த விரலும் கிடுக்கி போலக் கவ்வும். உளியை மரத்திலிருந்து எடுக்காமலே, பேச்சை நிறுத்தாமலே, கால்கள் மரத்தைத் திருப்பிக் கொடுக்கும். கைக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம், கை கேட்பதற்கு முன்பே. தனக்கோடிக்கு முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கும் காரியம் வேதாசலத்துக்கு மூச்சு விடும் நேரம் கூட ஆகாது.

தனக்கோடிக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை, அவரே ஒளிப்பதில்லை. “ஆமா சார், வயித்தெரிச்சல்தான். எவ்ளோ நாளா? நாங்க ரெண்டு பேரும் இந்த ஷெட்டுக்கு வந்து இருவது வருஷம் ஆவுது. அவ்ளோ நாளா.”

எரிச்சலுக்குத் தீனி போட ஆட்களுக்கும் குறைவில்லை. சினேகா என்று ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி, மரக்கரண்டி வாங்க வந்தவள், வேதாசலத்தின் கால்களைப் போனில் படம் பிடித்துப் போட்டாலும் போட்டாள், அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு பேராவது ஷெட்டுக்குள் தலையை நீட்டுவார்கள். வாசலை ஒட்டி இருப்பது தனக்கோடியின் பெஞ்சு. ஆகவே அவரிடம்தான் கேட்பார்கள். “அண்ணா, கால்ல புடிச்சி செய்வாரே, அவர் இருக்காரா?” தனக்கோடி தலை நிமிராமல் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் காட்டுவார். வந்தவர்கள் அவருடைய ஆப்புகளைத் தாண்டி, படுக்கைகளைத் தாண்டி உள்ளே போவார்கள். “வாவ்” என்று ஒரு சத்தம் கேட்கும். இருபது வருடத்தில் ஆப்பைப் பார்த்து எவரும் வாவ் சொன்னதில்லை.

வேதாசலமும் லேசுப்பட்டவரல்ல. “யோவ் பெஞ்சு, இன்னும் கட்டிகினு கீறியா? மரம் எங்கயும் ஓடிப் போவாதுய்யா, போலீஸ்ல புடிச்சிக் குடுக்கற மாதிரி கட்டற” என்று தரையிலிருந்து குரல் வரும். “உனக்கு இன்னாயா, நீ கொரங்கு ஜாதகம். எனக்குக் கடவுள் ரெண்டு கைதான் குடுத்தான்” என்பார் தனக்கோடி. இருவரும் சிரிப்பார்கள். ஒருவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒருமுறை தனக்கோடி வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு முயன்றும் பார்த்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து, ஒரு பாதி செய்த கரண்டியைப் பாதங்களுக்கு நடுவே வைத்து உளியை ஓட்டினார். கரண்டி எகிறி பிரிட்ஜுக்கு அடியில் போயிற்று. அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கதவைத் தட்டித் திறக்க வைத்த மனைவி, “இன்னா இது, யோகாவா?” என்றாள். அவர் ஆமாம் என்றார். மறுநாள் காலையில் அவள் அவரை ஏரிக்கரைக்கு நடைப் பயிற்சிக்கு அனுப்பினாள். பதினொரு நாள் போனார்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் வேதாசலத்தின் வலது கட்டைவிரலில் ஒரு சிராய் ஏறியது. சர்க்கரை உள்ள உடம்பு. வலிக்கவில்லை, ஆகவே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். மற்றதைக் காப்பாற்ற வேண்டுமானால் வெறுங்காலைத் தரையில் வைக்கவே கூடாது என்றும், அந்தப் பாதத்துக்கென்று அளவெடுத்துச் செய்த செருப்பு வரும்வரை வீட்டை விட்டு நடமாடவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

தனக்கோடி ஆஸ்பத்திரிக்குப் போனார், சாத்துக்குடி வாங்கிப் போனார், கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதெல்லாம் பொய்யில்லை. திரும்பி வந்து மூன்றாம் நாள் தன் பெஞ்சை ஷெட்டின் நடுப்பக்கமாக ஒரு முழம் நகர்த்தினார். அதுவும் பொய்யில்லை. அடுத்த வாரம் இன்னொரு முழம். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக விழுகிறது என்று மரக்கடைக்காரரிடம் காரணம் சொன்னார். அவர் காரணம் கேட்கவில்லை. வேதாசலம் உட்காரும் இடத்தில் இப்போது தனக்கோடியின் தேக்குப் பலகைகள் அடுக்கியிருந்தன.

வேலைகளும் இவரிடமே வந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் முதலில் காலைத்தான் விசாரித்தார்கள். “ஐயையோ, அந்தக் காலா?” என்றார்கள். ஒரு பெண்மணி ஆளில்லாத அந்தப் பாதியைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். திருநீர்மலையிலிருந்து ஒருவர் துளசி பிரசாதம் கொண்டுவந்து கொடுத்து, வேதாசலத்திடம் சேர்த்துவிடச் சொன்னார். தனக்கோடியின் உள்ளங்கை பிளந்து கிடந்த ஒன்றரை மாதத்தில் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் எட்டிப் பார்த்ததில்லை. “ஒரு வெரலுய்யா. ஒரே ஒரு வெரல். அதுக்கு இந்த மரியாதை” என்று அவர் இழைப்புளியிடம் சொல்லிக்கொண்டார்.

மாசி மாதம் ஒருநாள் வேதாசலத்தின் மனைவி கனகவல்லி வந்தாள். கையில் ஓர் அட்டை. அதில் வலது பாதத்தை வைத்துப் பென்சிலால் வளைத்த கோடு, ஓரங்களில் சுற்றளவுகள்.

“அண்ணா, தாம்பரத்துல பிரிட்டோ கடைல குடுத்தாங்க. சக்கரைக்காரங்களுக்கு செருப்பு செய்யறவரு. இந்த அகலத்துக்கு அவராண்ட அச்சுக் கட்டையே இல்லியாம். எந்தக் கம்பெனிலயும் வராதாம். மரத்துல ஒண்ணு செஞ்சி குடுத்தா அதும்மேல தோலைப் போட்டு ஒரு வாரத்துல முடிச்சிடலாம்றாரு. இவரு கட்டில்ல உக்காந்துகினு சொவத்தை ஒதைக்கறாரு அண்ணா. நீங்கதான் செய்யணும்.”

தனக்கோடி அட்டையை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு வெட்கப்பட்டது போல உள்ளே வளைந்து போயிருந்தது. கட்டை செய்தால் செருப்பு வரும். செருப்பு வந்தால் ஆள் வரும். பலகைகளை எடுக்க வேண்டும், பெஞ்சை நகர்த்த வேண்டும், கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் காட்ட வேண்டும்.

“பூவரசுலதாம்மா செய்யணும். மரம் கொஞ்சம் காயணும்” என்றார்.

பூவரசு நாலு வருடமாகப் பரணில் காய்ந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் கழிந்தது. கனகவல்லி போன் செய்தபோது இன்னும் ஈரம் இருக்கிறது என்றார். மறுநாள் பிரிட்டோவே கூப்பிட்டார்.

“அண்ணே, வணக்கம். அந்தக் கட்டை விஷயம். உங்களால முடியலன்னா தப்பா நெனைக்காதீங்க, சொல்லிடுங்க. பல்லாவரத்துல ஒருத்தர் இருக்காராம், ரெண்டே நாள்ல செஞ்சி தரேன்றாரு.”

“யாரு?” என்றார் தனக்கோடி.

“பேரு தெரியல. மிஷின் வெச்சிருக்காராம். கம்ப்யூட்டர்ல படம் போட்டா அதுவே குடைஞ்சிடுமாம்.”

“வேதாசலம் காலைப் பத்தி கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்?” என்று கேட்டுவிட்டுத் தனக்கோடி போனை வைத்தார். ஐந்தாவது நிமிடம் பூவரசு பெஞ்சின் மேல் இருந்தது.

பாதத்தைப் போல அடங்காத வடிவம் வேறு கிடையாது. அடிப்பக்கம் தட்டை என்று நினைத்தால் நடுவில் குழி. மேற்பக்கம் ஒரு சரிவு. குதிகால் உருண்டை. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வளைவுகள். செதுக்கச் செதுக்க, பிடிக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். இந்த மாதிரி மரத்துக்குத் தனக்கோடி ஒரு வழி வைத்திருக்கிறார். வால் விடுவது. எங்காவது ஓர் ஓரத்தில் இரண்டு அங்குலக் கட்டையைச் செதுக்காமல் மிச்சம் வைத்து, அதை வைஸில் கவ்வவிட்டு மற்ற இடங்களையெல்லாம் முடிப்பார். கடைசி வேலை வாலை அறுப்பது. இதிலே வாலை எங்கே விடுவது என்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. கட்டைவிரல் இல்லாத இடம் இருக்கிறதே, அங்கேதான்.

குதிகாலுக்கு மணல் மூட்டை. பக்கத்துக்கு டியூப் சுற்றிய ஆப்புகள். வால் வைஸில். டம்ளர் ஏறியது, ஆடவில்லை. உளி இறங்கியது.

முதல் நாள் அட்டையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் அட்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தேவைப்படவும் இல்லை. சுண்டுவிரலுக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு, மரத்தை அழுத்தி அழுத்திக் காய்த்த மேடு. அது அட்டையில் இல்லை, தனக்கோடிக்குத் தெரியும். குதிகால் உள்பக்கமாகக் கொஞ்சம் தேய்ந்திருக்கும். இரண்டாவது விரல் நடுவிரலைவிட ஒரு நெல் நீளம் அதிகம். அதுவும் தெரியும். மனைவியின் காலில் மெட்டி எந்த விரலில் இருக்கிறது என்று கேட்டால் அவர் யோசிப்பார். இந்தப் பாதத்தை இருபது வருடம் எதிரே உட்கார்ந்து, வயிறு எரிய எரியப் பார்த்திருக்கிறார். கைகள் தாமாகவே போயின. அரம் போட்டார், கண்ணாடிச் சில்லால் சுரண்டினார், உப்புத்தாள் தேய்த்தார். வைஸிலிருந்து எப்போது எடுத்தார், மடியில் வைத்து எவ்வளவு நேரம் தேய்த்தார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. நான்காம் நாள் காலையில் கட்டையைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டுக் கனகவல்லிக்குப் போன் செய்தார்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கனகவல்லி மட்டும் வருவாள் என்று பார்த்தால், பின்னாலேயே வேதாசலமும் இறங்கினார். வலது பாதம் முழுக்கக் கட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அக்குளில் ஊன்றுகோல்.

“ஒரு மணிக்கு பிரிட்டோ கடையைச் சாத்திடுவாரு அண்ணா. காலும் கட்டையும் ஒண்ணா வரணும்னாரு, வெச்சிப் பாக்கணுமாம். ஆட்டோ நிக்குது” என்றாள் கனகவல்லி.

வேதாசலம் ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் பலகைகளின் மேல் நின்றது. பிறகு தரையில் பெஞ்சின் கால்கள் விட்டுப்போன நாலு பழைய தடங்களின் மேல் நின்றது.

“பெஞ்சு நடந்து வந்துச்சா?” என்றார்.

“வெளிச்சம்” என்றார் தனக்கோடி.

“ஓ. எனக்கு வெரல் போச்சி, உன் பெஞ்சுக்குக் காலு மொளைச்சிச்சி.” வேதாசலம் அடுக்கிய பலகைகளின் மேலேயே உட்கார்ந்து கையை நீட்டினார். “குடு பாக்கலாம்.”

வாங்கிச் செய்தித்தாளைப் பிரித்தார். மரப் பாதம் மடியில் கிடந்தது. பூவரசின் உள்நிறம் வேதாசலத்தின் நிறத்துக்கு ஏறக்குறையப் பொருந்திப்போயிருந்தது. அவர் குதிகாலைத் தடவினார். சுண்டுவிரலுக்குப் பின்னாலிருந்த மேட்டைத் தடவினார், “அட!” என்றார். அவர் விரல்கள் முன்பக்கம் வந்து நின்றன. எண்ணினார். கனகவல்லியும் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஆட்டோ பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“யோவ் பெஞ்சு,” என்றார் வேதாசலம், “டாக்டர் வெட்டுனத நீ ஒட்டிக்கினு வந்துட்டியே.”

தனக்கோடி குனிந்து பார்த்தார். ஐந்து விரல் இருந்தது. அகலமாக, மற்ற விரல்களிலிருந்து விலகி, கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து, மரத்தைக் கவ்வத் தயாராக ஒரு கட்டைவிரல்.

“அது வாலுய்யா,” என்றார் தனக்கோடி. அவர் காதுமடல் சூடாகிவிட்டது. “புடிக்கறதுக்கு வுட்ட வாலு. அறுக்கணும்னுதான்… மறந்துட்டேன்.”

“வாலா?” வேதாசலம் அந்த விரலின் மேல் நகத்தை வைத்துக் கீறிக் காட்டினார். “வாலுக்கு எவன்யா மடிப்புப் போடுவான்? பாரு, கணு கூட கீது. நகம் ஒண்ணுதான் பாக்கி.”

தனக்கோடி அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். இந்த விரலைத்தான் அவர் எத்தனையோ மத்தியானங்களில் இல்லாமல் போகக் கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவரே, தன் கையால், மூன்று நாள் உட்கார்ந்து, ஆசை ஆசையாகச் செய்து வைத்திருக்கிறார்.

“குடு, அறுத்துத் தரேன்” என்று கட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். பெஞ்சின் மேல் வைத்தார். உருண்டது. வைஸில் கொடுக்க வால் இல்லை, அதுதான் விரலாகிவிட்டதே. மணல் மூட்டையைத் தேடினார், டியூப் பட்டையைத் தேடினார், ஆப்புகளில் ஒன்று கைக்குக் கிடைத்தது, ஜோடி கிடைக்கவில்லை.

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“அரை மணி. ஒரு படுக்கை குடைஞ்சி…”

“அரை மணி நேரம் ஆட்டோ நிக்காது. இங்க குடு.”

வேதாசலம் பலகையின் மேலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட வலது காலை நீட்டி ஓரமாக வைத்துக்கொண்டார். இடது காலை மடக்கினார்.

“யோவ், டாக்டர் இன்னா சொன்னாரு!” என்று கனகவல்லி கத்தினாள்.

“வலது காலைத்தான் சொன்னாரு. இடதைப் பத்தி பேச்சே எடுக்கல.”

அவர் மரப் பாதத்தைப் பெஞ்சின் காலோடு சாய்த்து வைத்தார். மறுபக்கம் தன் இடது பாதத்தைக் கொடுத்து அழுத்தினார். கட்டைவிரலும் அடுத்த விரலும் விரிந்து மரத்தின் கணுக்காலைக் கவ்விக்கொண்டன. “அறு” என்றார்.

தனக்கோடி ரம்பத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஷெட்டின் அந்தப் பாதியில் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை. ரம்பத்தின் பல்லுக்கும் வேதாசலத்தின் சதைக்கும் நடுவே மூன்று விரற்கடை இடம் இருந்தது. டம்ளர் வைத்துப் பார்க்க முடியாது. ஒரு பல் வழுக்கினால் இன்னொரு ஆஸ்பத்திரி. அவர் ரம்பத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“அறுய்யா. நான் புடிச்சிகினு கீறேன்ல.”

முதல் இழுப்பை மெதுவாக இழுத்தார். மரம் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் அவருக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடமும் அந்தக் கால்கள் மரத்தை இறுக்கிப் பிடிக்கின்றன என்றுதான் அவர் நினைத்திருந்தார். அப்படியில்லை. ரம்பம் முன்னே போகும்போது பாதம் ஓர் இழை பின்வாங்கி இடம் கொடுத்தது. ரம்பம் திரும்பும்போது கூடவே வந்து அழுத்தியது. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பாரம் வரும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அது மரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பயம் எப்போது விட்டது என்று தெரியவில்லை. ரம்பம் தன்பாட்டுக்கு, வெண்ணெயில் போவது போலப் போயிற்று. இப்படி ஒரு வெட்டு அவர் பெஞ்சில் ஒருநாளும் விழுந்ததில்லை.

இதைக் கட்டையில் குடைய முடியாது. ஆப்பில் அடிக்க முடியாது. சுவரில் பெயர் எழுதி மாட்ட முடியாது. தூரத்தில் இருந்து பார்த்து வயிறெரிந்த வரைக்கும் தேவலை என்று தனக்கோடிக்குத் தோன்றியது.

விரல் துண்டாகி மரத்தூளில் விழுந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. வெட்டிய இடத்தை அவர் அரத்தால் உருட்டினார், உப்புத்தாளால் தேய்த்தார், வாயால் ஊதினார், வேட்டி நுனியால் துடைத்தார். கோடு இப்போது அட்டையில் இருந்ததைப் போலவே உள்ளே வளைந்து போயிற்று. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கனகவல்லி புருஷனின் அக்குளில் ஊன்றுகோலைக் கொடுத்து எழுப்பி நிறுத்தினாள்.

“பிரிட்டோ இன்னா சொன்னாரு தெரியுமா?” என்றார் வேதாசலம். “செருப்பு வந்தா அடுத்த வாரமே வேலைக்குப் போலாம்னாரு. பலகையை எடுத்துடுய்யா.”

“எடுக்கறேன்.”

“பெஞ்சையும்.”

“சரிய்யா.”

தனக்கோடி மரப் பாதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். வேதாசலம் குதிகால் பக்கமாகப் பிடித்து வாங்கினார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

“உடுய்யா” என்றார் வேதாசலம். “ஆட்டோ நிக்குது.”

தனக்கோடியின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.